மூடிய பங்க்கும் உங்கள் கிணறும்

அக்கா,

நேற்றுக் காலை அந்தத் தொட்டியை வெளியே எடுத்துவிட்டார்கள்.

பீளமேட்டில் பேருந்துக்காக நின்றிருந்தேன். உங்கள் வீட்டுக்கு முன்னால் சாலையோரம் மூடிக் கிடந்த அந்தப் பெட்ரோல் பங்க் இருந்த இடத்தைச் சுற்றித் தகரம் அடித்து ஒரு மாதமாக வேலை நடக்கிறது. தகரத்தைத் தாண்டி ஒரு வாசனை வந்தது. ஏதோ லாரியில் டீசல் ஒழுகுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த மூச்சில் தெரிந்துவிட்டது. புது எண்ணெய்க்கு அந்த வாசனை கிடையாது. மண்ணுக்குள் வருடக்கணக்கில் ஊறிப்போன எண்ணெய்க்கு ஒரு புளித்த நாற்றம் உண்டு. வந்த பேருந்தை விட்டுவிட்டுத் தகரத்துக்குள் நுழைந்தேன்.

பொக்லைன் ஒன்று பள்ளம் தோண்டி வைத்திருக்க, கிரேன் கயிற்றில் தொட்டி தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு ஆள் நீளம் இருக்கும். அடிப்பக்கம் முழுவதும் துரு, கையை விட்டால் போகிற அளவுக்கு ஓட்டைகள். மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த இளைஞரிடம் என்ன இது என்று கேட்டேன். எனக்குத் தெரியாதது போல.

"பழைய பெட்ரோல் டேங்க்குங்க சார். அடியில கார் பார்க்கிங் வருது. அதுக்கு எடஞ்சலா இருந்துது."

"எடுக்க எத்தனை நாள் ஆச்சுங்க?"

"நாளா? காலைல டீ குடிச்சுட்டு ஆரம்பிச்சோமுங்க. சோத்துக்கு முன்னாடி முடிஞ்சுரும்."

எனக்கு வந்த ஆத்திரத்தை அந்தப் பையன்மேல் காட்டி என்ன பயன். கார் நிறுத்த இடம் வேண்டுமென்றால் அரை நாள் வேலை. சோறு பொங்குகிற தண்ணீருக்கு என்றால் இரண்டு வருடம் நாயாய் அலைந்தும் ஒரு ஆணியைக்கூடப் பிடுங்க முடியவில்லை. உங்களிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்று கால் பரபரத்தது. நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு ஆடி கழிந்துவிட்டது என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது. அதனால்தான் எழுதுகிறேன். எழுதவேண்டியது வேறொன்றும் இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

நீங்கள் எங்கள் ஆபீசுக்கு முதன்முதலில் வந்தது தொண்ணூறுகளின் நடுவில் ஒரு திங்கட்கிழமை. குடிநீர் சோதிக்கிற ஆபீஸ் அது. ஊர் ஊராகப் போய்க் கிணற்றுத் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் பிடித்து வருவது என் வேலை. புகார் சொல்ல வருகிறவர்கள் பாட்டிலில் தண்ணீர் கொண்டு வருவார்கள். நீங்கள் ஒரு தூக்குப்போசியைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தீர்கள். திறந்தால் அரிசியும் பருப்பும் சாதம், ஆவி பறக்க. பக்கத்து மேசைக்காரர் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்துவிட்டார்.

"சாப்புடறதுக்கு இல்லீங்க. மோந்து பாக்கறதுக்குங்க," என்றீர்கள்.

மோந்து பார்த்தேன். நெய் வாசனை, சீரக வாசனை, அதற்கடியில் சீமெண்ணெய் வாசனை. பக்கத்து மேசைக்காரர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

உங்களுக்கு மெஸ் இருந்தது. மில்லை மூடியபின் உங்கள் வீட்டுக்காரருக்கு வேலை இல்லாமல் போக, கல்லூரி மாணவர்களுக்கும் லேத் பட்டறை ஆட்களுக்கும் வீட்டிலேயே சமைத்துப் போட ஆரம்பித்திருந்தீர்கள். அந்த மெஸ்ஸை வைத்துத்தான் மகளைக் கல்லூரிக்கு அனுப்பினீர்கள். பீளமேட்டில் பாதிக் கிணறு உப்பு. உங்கள் கிணறு மட்டும் பருப்பு வேகிற தண்ணீர். சாப்பாட்டு ருசிக்கு நீங்கள் பாதிக் காரணம், கிணறு பாதிக் காரணம் என்று நீங்களே சொல்வீர்கள். அப்படிப்பட்ட மெஸ்ஸில் ஒரு நாள் ஒரு மாணவன் சாப்பாட்டு வட்டலைத் தள்ளிவைத்து, அடுப்புக்குச் சீமெண்ணெய் ஊற்றின கையைக் கழுவிவிட்டுப் பரிமாறக் கூடாதா என்று கேட்டுவிட்டான்.

"எனக்குச் செத்துப்போலாமான்னு இருந்துதுங்க. அடுப்பை மாத்திப்போட்டேன். போசியெல்லாம் புளியப் போட்டு வெளக்கிப்போட்டேன். எண்ணெக் கேனைக் கொண்டுபோயி அக்கட்டால கொட்டாயில வெச்சுப்போட்டேன். அப்பவும் நாறுதுங்க. ஒரு மாசங்கழிச்சுத்தான், வெறுந்தண்ணியக் கொதிக்க வெச்சுப் பாப்பமேன்னு பார்த்தேன். ஆவில அடிக்குதுங்க சீமெண்ணெய்."

ஒரு மாதம் நீங்கள் உங்களையே சந்தேகப்பட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். தப்பு என்று ஒன்று நடந்தால் அது தன் கையில்தான் நடந்திருக்கும் என்று நினைக்கிற சுபாவம் உங்களுக்கு. அதை அன்றே நான் கவனித்திருக்க வேண்டும்.

அடுத்த நாள் உங்கள் வீட்டுக்கு வந்தேன். அறுபதடிக் கிணறு. கயிறு விட்டு மேல் தண்ணீரை ஒரு வாளி சேந்திக் காட்டினீர்கள். வெயிலில் மயில் கழுத்து நிறத்தில் ஒரு படலம் நெளிந்தது. மோட்டார் அடியிலிருந்து இழுப்பதால் குழாயில் வருகிற தண்ணீரில் அவ்வளவு தெரியவில்லை. எண்ணெய் மிதக்கிறது, மேலே.

"செவுத்துக்கு அந்தப் பக்கம் என்னங்க்கா?"

"பங்க்குங்க தம்பி. மூடி மூணு வருசமாச்சு."

"மூடறப்ப அடியில இருந்த தொட்டிய எடுத்தாங்களா?"

"அடியில தொட்டி இருக்குதுங்களா?" என்று கேட்டீர்கள். "மேலாப்பல நின்ன பம்பைத்தானுங்க கழட்டிட்டுப் போனாங்க. போறப்ப வந்து சொல்லிட்டுத்தான் போனாங்க, நல்ல மனுசங்க."

நல்ல மனுசங்க. வாசற்படிக்கு வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள், மண்ணுக்கடியில் தொட்டியையும் அதிலிருந்த எண்ணெயையும் அப்படியே விட்டுவிட்டு.

அன்றிலிருந்து மாதம் தவறாமல் வந்தேன். உங்கள் கிணற்றில் ஒரு மாதிரி, எதிர்ப்பக்கம் இருந்த அடிகுழாயில் ஒரு மாதிரி. எங்கள் ஆபீஸ் கொடுக்கிற அச்சடித்த பாரத்தில் உப்புக்குக் கட்டம் இருக்கும், கலங்கலுக்கு இருக்கும், மணத்துக்கு "உண்டு, இல்லை" என்று இருக்கும். எண்ணெய்க்குக் கிடையாது. மணம் "உண்டு" என்று எழுதி, ஓரத்தில் பெட்ரோல் என்று பொடி எழுத்தில் எழுதி அனுப்புவேன். எங்கள் இஞ்சினியர் அதைப் பார்த்து, "ஓரத்துல எழுதறதெல்லாம் ரிப்போர்ட் ஆகாதுய்யா. சாக்கடை கலந்திருக்கும். ப்ளீச்சிங் பவுடர் போடச் சொல்லு," என்பார். நான் அதை உங்களிடம் வந்து சொல்வேன். சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருக்கும். நீங்கள், பெரியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று போடுவீர்கள். எண்ணெய் வாசனையோடு ப்ளீச்சிங் வாசனையும் சேர்ந்துகொள்ளும்.

எண்ணெய் பார்க்கச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். அதற்குப் பிளாஸ்டிக் கேன் ஆகாது, கண்ணாடிப் பாட்டிலில் காற்று இடமே இல்லாமல் கழுத்துவரை பிடித்து ஐஸில் வைத்து அனுப்ப வேண்டும். ஆபீசில் இருந்தது பிளாஸ்டிக் கேன். மருந்துக் கடைக்காரரைக் கெஞ்சிப் பழுப்புப் பாட்டில் வாங்கி, நீங்கள் மூன்று தண்ணீரில் கழுவிக் காயவைத்துக் கொடுக்க, பிடித்து அனுப்பினோம். நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது: மூடி தளர்ந்திருந்ததால் மாதிரி நிராகரிக்கப்படுகிறது. மறுபடி அனுப்பினோம். அதற்குப் பதிலே இல்லை. இன்று வரைக்கும் இல்லை.

இதற்கு நடுவில் நீங்கள் ஒரு வேலை செய்தீர்கள். எத்தனையோ ஊரில் எத்தனையோ பேரிடம் தண்ணீர் பிடித்திருக்கிறேன், அப்படிச் செய்த இன்னொருவரைப் பார்த்ததில்லை. சமையலறைக் காலண்டரில் ஒவ்வொரு நாள் கட்டத்திலும், காலையில் முதல் வாளியை மோந்து பார்த்து எழுதிவைத்தீர்கள். லேசாக அடித்தால் "சீரகம்". நடுத்தரமாக அடித்தால் "வெந்தயம்". தாங்காத அளவுக்கு அடித்தால் "பெருங்காயம்". மழை பெய்த நாளைச் சுழித்து வைத்திருந்தீர்கள். ஒரு வருடக் காலண்டரைப் புரட்டினால் கண்முன் தெரிந்தது: நல்ல மழை பெய்து நான்கைந்து நாள் கழித்துப் பெருங்காயம், வரிசையாக. மழைத் தண்ணீர் பங்க் மண்ணில் இறங்கி அங்கே கிடப்பதைத் தள்ளிக்கொண்டு உங்கள் கிணற்றுக்கு வருகிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்குப் படிப்பு தேவைப்பட்டது. உங்களுக்கு மூக்கு போதும். அந்தக் காலண்டரை இஞ்சினியர் மேசையில் வைத்தேன். "பெருங்காயம்னு எழுதி மேலிடத்துக்கு அனுப்பட்டுமா?" என்று கேட்டுச் சிரித்தார். ஆபீசே சிரித்தது. நான் அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்து டீக்கடையில் நின்று இரண்டு டீ குடித்தேன்.

பங்க் உரிமையாளரைப் பார்க்க உடுமலைப்பேட்டை போனோமே, நினைவிருக்கிறதா? தென்னந்தோப்புக்கு நடுவில் வீடு. சொந்தக்கார ஒறம்பரை வந்ததுபோல் வாசலுக்கு வந்து அழைத்தார். உட்காரவைத்து இளநீர் வெட்டிக் கொடுத்தார். நாம் சொன்னதையெல்லாம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"தப்புத்தானுங்க. மனசுக்குக் கஷ்டமா இருக்குதுங்க. எடுத்துப்போடலாமுங்க. என்ற தம்பிகூட எடத்து மேல ஒரு கேஸ் ஓடீட்டு இருக்குது, அது முடியோணும். இல்லீன்னா உங்க ஆபீசுல இருந்து உத்தரவுன்னு ஒண்ணு வந்துபோட்டா, நாளைக்கே எடுத்துருவேனுங்க. வெசனப்படாதீங்க அம்மணி."

வழிநெடுகப் பேருந்தில் நீங்கள், எவ்வளவு மரியாதையான மனுசன் என்று சொல்லிக்கொண்டே வந்தீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திட்டி அனுப்பியிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம். இளநீர் குடித்த வாயால் என்ன பேசுவது? ஆனால் அவர் சொன்னதில் ஒன்று உண்மை. உத்தரவு வேண்டும். உத்தரவு போட வேண்டியவர் எங்கள் இஞ்சினியர்.

உக்கடத்தில் பழைய இரும்பு வாங்குகிற பாய் ஒருவரைப் பிடித்தேன். பங்க் தொட்டிகளை வெட்டி எடுத்துப் பழக்கமுள்ளவர். அவர் வந்து தொட்டியின் வாயைத் திறந்து ஒரு நீளக் குச்சியை இறக்கி ஈரம் படிந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். மூன்று வாரம் கழித்து மறுபடி இறக்கினார். "ரெண்டு விரக்கடை கொறஞ்சிருக்கு தம்பி. யாரும் எடுக்கலே, வண்டி எதுவும் வரலே. அப்ப எங்க போச்சு?" என்று கேட்டுவிட்டு, உங்கள் கிணற்றுப் பக்கம் கையைக் காட்டினார். உத்தரவு மட்டும் வரட்டும், ஒரே நாளில் தூக்கிக் காட்டுகிறேன் என்றார். நேற்றுத்தான் தெரிந்தது, ஒரு நாள்கூடத் தேவையில்லை.

அந்தக் குச்சியைக் கையோடு எடுத்துப்போய் இஞ்சினியர் முன் நிறுத்தினேன். அவருக்கே என் தொல்லை தாங்கவில்லை போலிருக்கிறது. "சரிய்யா, நானே வர்றேன். வர்ற வியாழக்கிழமை. என் முன்னாடி மாதிரி எடு. எண்ணெய் இருந்துதுன்னா அங்கயே உத்தரவு எழுதிக் கையெழுத்துப் போடறேன். இல்லைன்னா இந்த ஃபைலை மூடிட்டு வேற வேலையப் பாரு," என்றார்.

அன்று சாயங்காலமே வந்து உங்களிடம் சொன்னேன். மெஸ்ஸுக்கு வருவதை அதற்குள் பாதிப்பேர் நிறுத்தியிருந்தார்கள். தெருக்குழாயில் நின்று சுமந்து வந்த தண்ணீரில் சமைத்துக்கொண்டிருந்தீர்கள், கழுவுவதற்கு மட்டும் கிணறு. இந்த வியாழக்கிழமை தவறினால் மெஸ்ஸும் இல்லை, மகள் படிப்பும் இல்லை என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "பெரியவரே ஊட்டுக்கு வர்றாருங்களா?" என்று கேட்டீர்கள். அந்தக் கேள்வியில் இருந்த பதற்றம் எனக்குப் புரியவில்லை. நான் சந்தோஷமாகப் போய்விட்டேன்.

வியாழக்கிழமை ஜீப்பில் வந்து இறங்கினோம். வாசலில் படிக்கோலம். கிணற்று மேட்டுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, உருளைக்குச் செவ்வந்திச் சரம் சுற்றியிருந்தது. மாரியம்மன் நோம்பிக்குக் கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்வார்களே, அதேபோல். எட்டிப் பார்த்தேன். சுவர் ஈரமாக, கழுவிய கல்லாக மின்னியது. அடியில் கண்ணாடியாகத் தண்ணீர். ப்ளீச்சிங் வாசனை மூக்கில் ஏறியது. பெருங்காயமும் இல்லை, சீரகமும் இல்லை.

நீங்கள் பட்டுச்சேலையில் வந்து கைகூப்பினீர்கள். எவர்சில்வர் டம்ளரில் கிணற்றுத் தண்ணீரை மொண்டு இஞ்சினியரிடம் நீட்டினீர்கள். அவர் மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார், ஒரு வாய் குடித்தார், பிறகு முழு டம்ளரையும் குடித்தார்.

"நல்ல தண்ணிதானம்மா. எங்க வீட்டுல வர்றதைவிட நல்லா இருக்கே."

உங்கள் முகம் மலர்ந்தது. ஒரு நிமிடம்கூட இருக்காது. அப்புறம் என் முகத்தைப் பார்த்தீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக அந்த மலர்ச்சி வடிந்ததை நான் பார்த்தேன்.

அவர் உங்கள் வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தபோது உங்களைச் சமையல்கட்டுக்குள் கூப்பிட்டுக் கத்தினேன். அந்த மாதிரி அதற்கு முன்னும் பின்னும் எந்தப் பெண்ணிடமும் நான் கத்தியதில்லை.

"யாரு உங்களைக் கெணத்தை எறைக்கச் சொன்னது?"

"ஊட்டுக்கு வர்றவங்களுக்கு நாத்தத் தண்ணியக் காட்ட முடியுங்களா தம்பி? மூக்கைப் புடிச்சுட்டு நின்னா நமக்குத்தானுங்க அசிங்கம்."

"அவர் மூக்கைப் புடிக்கோணும்னுதானேக்கா கூட்டிட்டு வந்தேன்."

"காலண்டரு இருக்குது, பாய் வெச்ச குச்சி இருக்குது, நீங்க ரெண்டு வருசமா எழுதினது இருக்குது. எல்லாம் பாத்துப்போட்டுத்தான் கையெழுத்துப் போட வர்றாருன்னு நெனச்சேனுங்க. ரெண்டு நாளா மோட்டாரை ஓட்டி, ரெண்டு ஆளை உள்ள எறக்கிச் சேறெடுத்தோமுங்க. அவங்களுக்குத் தலை சுத்துதுன்னாங்க, மோர் குடுத்தேன்."

பெட்ரோல் ஆவிக்குள் ஆளை இறக்கியிருக்கிறீர்கள். ஒரு பீடி பற்றவைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும். தலையில் அடித்துக்கொண்டு வெளியே வந்தேன். மாதிரி எடுத்தோம், பாரம் எழுதினோம், ஜீப் கிளம்பியது. ஒன்பதாம் நாள் உங்கள் காலண்டரில் மறுபடி பெருங்காயம். நீங்கள் ஆபீசுக்கு ஓடி வந்தபோது ஃபைல் மூடியிருந்தது.

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியாததா. தை பிறப்பதற்குள் மெஸ் நின்றது. இரண்டாம் வருடம் முடிக்காமல் மகள் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனாள். அவள் கல்யாணத்தில் பார்த்தேன், உங்கள் வீட்டுக்காரர் காரியத்தில் பார்த்தேன், கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் நலம் விசாரித்து முடித்ததும் அதையே சொல்வீர்கள்.

"என்ற கையால நானே கெடுத்துப்போட்டேன் தம்பி. நீங்க எத்தனை பாடுபட்டீங்க. புள்ள படிப்பு என்னாலதானுங்க போச்சு."

"விடுங்க்கா, பழைய கதை," என்பேன். அவ்வளவுதான் சொல்வேன்.

இனிமேல் சுற்றி வளைக்க முடியாது. அந்த வியாழக்கிழமை ஜீப்பின் பானெட்மேல் பாரத்தை வைத்து எழுதினேன் இல்லையா, அதற்குப் பின்பக்கம் ஒரு வரி உண்டு. "மாதிரி எடுப்பதற்கு முந்தைய பதினைந்து நாட்களில் கிணறு இறைக்கப்பட்டதா?" இறைக்கப்பட்டது என்று எழுதினால் அந்த மாதிரி செல்லாது. விதி அது. பதினைந்து நாள் கழித்து அதே அதிகாரி மறுபடி வந்தாக வேண்டும். வந்திருந்தால் அன்று கிணற்றடியில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்.

நீங்கள் செய்தது பதினைந்து நாளில் சரியாகிவிடுகிற தப்பு, அக்கா. சரிசெய்ய ஒரு சொல் போதும்.

இஞ்சினியர் ஜீப்பில் உட்கார்ந்து, "இதுக்காய்யா என்னை இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தே? அந்தம்மாவும் நீயும் சேர்ந்து ரெண்டு வருசமா ஆபீசையே ஏமாத்திட்டிருக்கீங்க," என்றார். டிரைவர் சிரித்தான். எனக்குக் காது சூடாகிவிட்டது. உங்கள் மேல் அப்படி ஒரு கோபம். இத்தனை பாடுபட்டு இழுத்துக்கொண்டு வந்தவரை, பூவும் பொட்டும் வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டாளே இந்தப் பொம்பளை என்று. அப்படித்தான் நினைத்தேன், மன்னிக்க வேண்டும். இறைத்தார்கள் என்று எழுதினால், மறுபடி வாருங்கள் சார் என்று அந்த மனிதனிடம் நான் வாய்திறந்து கேட்க வேண்டும். அதற்கு எனக்கு ரோசம் இடம் கொடுக்கவில்லை. "இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வீடு போய்ச் சேர்வதற்குள் கோபம் ஆறிவிட்டது. மறுநாள் போய் மாற்றி எழுதித் தருகிறேன் என்று கேட்டிருக்கலாம். பொய் எழுதினாயா என்று கேட்பார்களே. வேலை போய்விடுமே. அப்படியே இருந்துவிட்டேன், முப்பது வருடம்.

ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று சொல்லிவிடுவது என்றுதான் வந்தேன். மூச்சு வாங்கிக்கொண்டே, "தம்பி சாப்புட்டீங்களா?" என்று கேட்டீர்கள். சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

நேற்றுத் தொட்டியைப் பார்த்தபின் நேராக உங்கள் மகள் வீட்டுக்குப் போனேன். திருப்பூருக்கு அடுத்த பேருந்திலேயே ஏறிவிட்டேன், யோசித்தால் இறங்கிவிடுவேன் என்று பயம். "வாங்க மாமா," என்று நாற்காலி போட்டாள். தலை நரைத்துவிட்டது அவளுக்கு. தையல் மிஷினில் குனிந்து குனிந்து முதுகு வளைந்திருக்கிறது. தொட்டியை எடுத்த சேதியைச் சொன்னேன். "அம்மா இருந்திருந்தா சந்தோசப்பட்டிருப்பாங்க. கடைசி வரைக்கும் அவங்க தப்புன்னே சொல்லீட்டு இருந்தாங்க, பாவம்," என்றாள்.

"அவங்க தப்பு இல்லை கண்ணு," என்று ஆரம்பித்து ஒன்றுவிடாமல் சொன்னேன். பாரம், பின்பக்கம், பதினைந்து நாள், நான் எழுதியது, எல்லாம். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். எழுந்து நின்று சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். கேட்கட்டும், என் படிப்பு போனது உன்னால்தானா என்று கேட்கட்டும் என்று காத்திருந்தேன். அடித்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"பழசுங்க மாமா. அதையெல்லாம் இப்பப் பேசி என்னாகப் போகுது. வெயில்ல வந்திருக்கறீங்க," என்றாள். "காப்பி வெக்கறேன். சக்கரை போடலாமுங்களா?"

போடு கண்ணு என்றேன். உள்ளே பாத்திரம் உருள்கிற சத்தம் கேட்டது, அப்புறம் காப்பி வந்தது. குடித்தேன். வாசல்வரை வந்து, பாத்துப் போங்க மாமா என்று வழியனுப்பினாள். உங்கள் பெண்தானே அக்கா, வீட்டுக்கு வந்தவனை எப்படித் திட்டுவாள்.